எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது, ஆனாலும் ஒளி எண்ணெயில்தான் மெதுவாகப் போகிறது. ஏன்?

மலர்_தலவாக்கலை:

வணக்கம். தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பின்னேர வகுப்பு நடத்துகிறேன். தரம் 10, 11 பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும் கணிதமும். நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. பௌதிகவியலும் அதோடு சேர்ந்தே படித்தேன், ஆனாலும் இப்போது வந்திருக்கும் கேள்விக்கு என்னிடம் உள்ள பாடக்குறிப்புகள் போதவில்லை.

ஒளிமுறிவு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அடர்த்தி கூடிய ஊடகத்துக்குள் நுழையும்போது ஒளியின் வேகம் குறையும், கதிர் செவ்வனை (எல்லைக்குச் செங்குத்தான கோட்டை) நோக்கி வளையும் என்று சொன்னதும் ஒரு பிள்ளை எழும்பி, "மிஸ், தேங்காண்ணெய் தண்ணிக்கு மேலதானே மெதக்குது, அப்ப எண்ணெய்தானே அடர்த்தி கொறஞ்சது? லைட் எண்ணெய்ல வேகமா போகணும், தண்ணியில மெதுவா போகணும், சரிதானே?" என்று கேட்டாள்.

செய்தே பார்த்துவிடலாம் என்று பக்கங்கள் தட்டையான ஒரு கண்ணாடிப் பெட்டியில் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டுப் பால் கலக்கி, மேலே சூடாக்கிய தேங்காய் எண்ணெயை மெதுவாக ஊற்றினோம். சிவப்பு லேசரை மேலிருந்து சரிவாக அடித்தால், எண்ணெயிலிருந்து தண்ணீருக்குள் நுழையும் இடத்தில் கதிர் செவ்வனை விட்டு விலகிப் போகிறது. அதாவது தண்ணீரில்தான் ஒளி வேகம். அட்டவணையில் பார்த்தால் தண்ணீரின் முறிவுச்சுட்டி (வெற்றிடத்தில் ஒளியின் வேகம் அந்த ஊடகத்தில் உள்ளதைப் போல் எத்தனை மடங்கு என்ற எண்) 1.33, தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 1.45. பிள்ளை சொன்னதற்கு நேர்மாறு.

அவள் விடவில்லை. "மெதுவா வந்த வெளிச்சம் தண்ணிக்குள்ள வந்ததும் வேகம் கூடுதே, அதுக்குச் சக்தி எங்க இருந்து வருது மிஸ்?" என்று அடுத்ததைக் கேட்டாள். பரீட்சையில் எழுதவேண்டியதை மட்டும் சொல்லி இந்தப் பிள்ளையை உட்காரவைக்க எனக்கு மனமில்லை. தெரிந்தவர்கள் உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள்.

சுரேன்_பண்டாரவளை:

ஒளித்துணிக்கைகள் மூலக்கூறுகளில் மோதி மோதிப் போவதால்தான் வேகம் குறைகிறது என்று எங்களுக்கு டியூஷனில் சொன்னார்கள். எண்ணெய் மூலக்கூறு பெரியது, மோதல் அதிகம், அதனால் இன்னும் மெதுவு. வெளியே வந்தால் மோதல் இல்லை, பழைய வேகம் வந்துவிடும்.

அட்டன்_பௌதிக_ஆசிரியர்:

மகள் மலர், அந்தப் பிள்ளைக்கு முதலில் என் பாராட்டைச் சொல்லுங்கள். அட்டனில் நெடுங்காலம் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். வகுப்பில் இந்தக் கேள்வி வருகிற நாள் நல்ல நாள். விளக்கமாகவே எழுதுகிறேன்.

தம்பி சுரேன் சொன்ன மோதல் கதை பல இடங்களில் சொல்லப்படுகிறது, ஆனால் அது பொருந்தாது. மோதினால் ஒளி கண்ட கண்ட பக்கம் சிதறும். சுத்தமான தண்ணீரில் லேசர்க் கோடு அப்படிச் சிதறாமல் நேராகப் போகிறது. அதன் பாதையைப் பார்ப்பதற்கே மலர் பால் கலக்க வேண்டியிருந்தது. வேகம் குறைவதற்குக் காரணம் மோதல் என்றால் பாலில்லாத தண்ணீரிலும் அந்தக் கோடு கலங்கித்தான் தெரியும்.

நடப்பது இதுதான். ஒளி ஒரு மின்காந்த அலை. அது திரவத்துக்குள் நுழைந்ததும் அங்குள்ள இலத்திரன்களை ஆட்டுகிறது. ஊஞ்சலைத் தள்ளுகிறவர் எந்தத் தாளத்தில் தள்ளுகிறாரோ அதே தாளத்தில் ஊஞ்சலும் ஆடுகிற மாதிரி, இலத்திரன்களும் ஒளியின் மீடிறனிலேயே, அதாவது செக்கனுக்கு அதே எண்ணிக்கையில், ஆடுகின்றன. ஆடும் ஒவ்வொரு இலத்திரனும் தானும் ஓர் அலையை வெளிவிடும். அந்தப் புது அலைகள் வந்த அலையோடு கூடும்போது, கூட்டு அலையின் முகடு சற்றுப் பின்தங்கிவிடுகிறது. படைக்குப் படை இப்படிப் பின்தங்கிக்கொண்டே போவதைத்தான் நாம் வேகம் குறைந்துவிட்டது என்று அளக்கிறோம். பக்கவாட்டில் கிளம்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அதனால் கதிர் நேராகப் போகிறது.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். எத்தனை இலத்திரன்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு எளிதில் அசைகிறது, இந்த இரண்டும்தான் ஒளியின் வேகத்தைத் தீர்மானிக்கும். திரவத்தின் பாரம் இதில் நேரடியாக வராது. கணக்குப் பார்த்தால் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயில் இருக்கும் இலத்திரன்கள் ஒரு கரண்டித் தண்ணீரில் இருப்பதை விடச் சற்றுக் குறைவுதான். ஆனால் எண்ணெயின் நீண்ட காபன், ஐதரசன் சங்கிலிகளில் உள்ள இலத்திரன்கள் தண்ணீரில் இருப்பவற்றை விட இலகுவாக அசைகின்றன. எண்ணிக்கையில் குறைந்தாலும் அசைவில் கூடிவிடுகிறது. அதனால் தண்ணீரில் செக்கனுக்குச் சுமார் 225,000 கிலோமீற்றர் போகும் ஒளி, எண்ணெயில் சுமார் 207,000 கிலோமீற்றர்தான் போகிறது. வெற்றிடத்தில் 299,792 கிலோமீற்றர் என்பது உங்களுக்குத் தெரியும்.

எண்ணெய் மட்டும் இப்படி இல்லை. சுத்தமான மதுசாரம் தண்ணீரை விட நன்றாகவே பாரம் குறைந்தது, அதன் முறிவுச்சுட்டி 1.36. மண்ணெண்ணெயும் மிதக்கும், அதற்கு ஏறத்தாழ 1.44. கிளிசரின் தண்ணீரில் அமிழும், அதற்கு 1.47. மிதப்பதும் அமிழ்வதும் ஒளியின் வேகத்தைச் சொல்லாது என்பதற்கு இந்த மூன்றுமே போதும். ஒரே பொருளை அமுக்கினால், அல்லது தண்ணீரில் சீனியைக் கூட்டிக்கொண்டே போனால், அடர்த்தியும் முறிவுச்சுட்டியும் சேர்ந்து ஏறும். அதனால்தான் பாடத்தில் அப்படி ஒரு விதி போல எழுதிவிடுகிறார்கள். வெவ்வேறு பொருள்களை ஒப்பிடும்போது அந்த விதியை நம்பக் கூடாது.

இனி சக்தி. ஒரு பந்து மெதுவாகி மறுபடி வேகம் எடுத்தால் யாரோ தள்ளியிருக்க வேண்டும், உண்மை. ஒளி பந்து இல்லை. அதன் சக்தி மீடிறனைப் பொறுத்தது, எல்லையைக் கடக்கும்போது மீடிறன் மாறுவதே இல்லை. எண்ணெயின் கடைசிப் படையில் செக்கனுக்கு எத்தனை முகடுகள் வருகின்றனவோ அத்தனையும் தண்ணீரின் முதற் படைக்குள் போகும். நடுவில் ஒரு முகடு காணாமற்போக வழியில்லை. மாறுவது அலைநீளம்தான். 650 நானோமீற்றர் சிவப்பு லேசர் எண்ணெயில் 448 ஆகச் சுருங்கி, தண்ணீருக்குள் வந்ததும் 488 ஆக விரிகிறது. பின்தங்கவைத்த இலத்திரன்கள் எண்ணெயோடு நின்றுவிட்டன, தண்ணீரின் இலத்திரன்கள் அவ்வளவு பின்தங்கவைப்பதில்லை, அவ்வளவுதான். யாரும் தள்ளவில்லை. எல்லையில் தெறித்துத் திரும்பும் ஒளி மட்டும் கணக்கில் கழியும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையில், நேராக விழும் ஒளிக்கு, அது 0.2 சதவீதம் அளவில்தான்.

ஒரு காலத்தில் பெரிய அறிஞர்களே இதில் இரண்டு கட்சியாக நின்றார்கள். ஒளி துணிக்கைகளால் ஆனது என்று கொண்ட நியூட்டனின் கொள்கைப்படி தண்ணீர் ஒளியை இழுப்பதால் அதன் வேகம் கூட வேண்டும். அலைக்கொள்கைப்படி குறைய வேண்டும். இரண்டு கொள்கையுமே கதிர் வளைவதைச் சரியாகச் சொல்லிவிடும், ஆகவே கோணத்தை அளந்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது, வேகத்தையே பார்க்க வேண்டும். பிரான்சில் அராகோ அதற்குச் சுழலும் கண்ணாடியைக் கொண்டு ஒரு வழியை முன்வைத்தார், ஆனால் பார்வை மங்கிவிட்டதால் அவரால் செய்ய முடியவில்லை. 1850இல் பூக்கோ செய்து காட்டினார். காற்றின் வழியே வந்த ஒளியை விட நீர்க்குழாய் வழியே வந்த ஒளி பிந்தியே வந்தது. இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள், மகள். வளைவைப் பார்த்து வேகத்தை ஊகிப்பதற்கும் வேகத்தையே பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குப் புரிய வேண்டும்.

இன்னொன்று. அடுத்த முறை எண்ணெய் இல்லாமல், தண்ணீரில் மட்டும் அதே சாய்வில் லேசரை அடித்துப் பாருங்கள். காற்றில் 45 பாகை என்றால் தண்ணீரில் 32 பாகை வரும். எண்ணெய் இருக்கும்போது எண்ணெயில் 29 பாகை, தண்ணீரில் அதே 32 பாகை. நடுவில் ஒரு படை வந்தாலும் கடைசிக் கோணம் மாறாது. கதிர் கொஞ்சம் தள்ளி விழும், அவ்வளவுதான். லேசரை யார் கண்ணுக்கும் நேரே பிடிக்க விடாதீர்கள், எண்ணெய் மட்டத்தில் தெறித்து வருவதும் கண்ணில் படக் கூடாது.

மலர்_தலவாக்கலை:

மிக்க நன்றி சேர். இன்று அப்படியே விளக்கினேன். மூன்று திரவங்களின் எண்களைப் பலகையில் எழுதியதும் வகுப்பே அமைதியாகிவிட்டது, அப்புறம் ஒரே நேரத்தில் எல்லோரும் பேசத் தொடங்கினார்கள்.

இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன. அலைநீளம் 488 ஆக மாறினால் அது நீல ஒளியின் அலைநீளம் ஆயிற்றே, தண்ணீருக்குள் லேசர் ஏன் இன்னும் சிவப்பாகத் தெரிகிறது? இது தரம் 11 மாணவன் ஒருவன் கேட்டது.

மற்றது அதே பிள்ளை. இங்கே காலையில் குளிருக்கு எண்ணெய் போத்தலில் உறைந்து வெள்ளையாகிவிடும். அடுப்போரமாக வைத்துத்தான் தலைக்கு எடுக்க வேண்டும். உறைந்த எண்ணெயில் ஒளி இன்னும் மெதுவாகிவிடுவதால்தான் அந்தப் பக்கம் வருவதில்லையா என்று கேட்கிறாள்.

அட்டன்_பௌதிக_ஆசிரியர்:

முதல் கேள்வி. கண்ணில் நிறத்தை உணரும் கலங்கள் மீடிறனுக்குத்தான் பதில் சொல்கின்றன, அது மாறவில்லை. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். நம் கண்ணுக்கு உள்ளேயும் திரவந்தான். அதன் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 1.34. வெளியே காற்றாக இருந்தாலும் தண்ணீராக இருந்தாலும் எண்ணெயாக இருந்தாலும், விழித்திரையில் வந்து விழும்போது அந்த லேசரின் அலைநீளம் ஒன்றேதான். அந்த மாணவனிடம் 650ஐ 1.34ஆல் வகுக்கச் சொல்லுங்கள். நாம் பார்த்த எல்லாச் சிவப்பும் அந்த அளவுக்குச் சுருங்கித்தான் விழித்திரைக்கு வந்திருக்கிறது.

இரண்டாவது. தேங்காய் எண்ணெய் 24, 25 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையும், ஆகவே நம் பக்கத்தில் அது உறைந்திருப்பதுதான் வழமை. வெள்ளையாவது மெதுவாவதால் இல்லை. உறையும்போது எண்ணற்ற சிறு பளிங்குகள் உண்டாகின்றன, இடையிடையே உறையாத எண்ணெயும் நிற்கிறது. பளிங்குக்கும் திரவத்துக்கும் முறிவுச்சுட்டி வேறு. ஒவ்வோர் எல்லையிலும் ஒளியின் வேகம் மாறுகிறது, கொஞ்சம் வளைகிறது, கொஞ்சம் தெறிக்கிறது. ஆயிரக்கணக்கான எல்லைகளைக் கடந்தால் போன திசையே தெரியாமல் சிதறிவிடும். எல்லா நிறமும் சேர்ந்து சிதறுவதால் வெள்ளை. காலையில் தேயிலை மலையை மூடும் மூடுபனியும் இதே காரணத்தால்தான் வெள்ளை. அதில் இருப்பது நிறமற்ற நீர்த்துளிகளும் நிறமற்ற காற்றும்தான். எண்ணெயை உருக்கினால் எல்லைகள் போய்விடும், மறுபடி தெளிந்துவிடும். பாதி உருகிய போத்தலில் லேசரை அடித்துக் காட்டுங்கள், உருகிய பகுதியில் கோடு, உறைந்த பகுதியில் பரவிய சிவப்பு. வேறு விளக்கமே தேவைப்படாது.

கித்துள்_கினிகத்தேனை:

சேர், நான் கினிகத்தேனைப் பக்கம் கித்துள் பாணி (கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சிய பாகு) சேகரிக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். இந்த முறிவுச்சுட்டிதான் எங்கள் தொழிலே. ஊர்க்காரர்கள் கொண்டுவரும் பாணியில் ஒரு சொட்டை ப்ரிக்ஸ் மானியின் கண்ணாடி அரியத்தில் வைத்து, மூடியைச் சாய்த்து, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் உள்ளே அளவுக்கோட்டில் ஓர் எல்லை தெரியும். அந்த எல்லை நிற்கும் எண்தான் ப்ரிக்ஸ், அதாவது 100 கிராம் கரைசலில் எத்தனை கிராம் சீனி. வெறும் தண்ணீர் என்றால் 0. சீனி கூடக் கூட முறிவுச்சுட்டி ஏறும், அவதிக்கோணம் (ஒளி மறுபக்கம் போகாமல் முழுதாகத் தெறிக்கத் தொடங்கும் கோணம்) மாறும், எல்லையும் நகரும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல இரண்டு விடயம். சூடான பாணியை அப்படியே வைத்து அளந்தால் எண் குறைத்துக் காட்டும். சூட்டில் திரவம் விரிகிறது, ஒளி கொஞ்சம் வேகமாகப் போகிறது. ஆறவைத்துத்தான் அளக்க வேண்டும், மானியின் அளவுகோல் 20 பாகைக்கு வகுக்கப்பட்டது. அடுத்தது, கடைச் சீனியைக் கலந்த பாணியை இந்த மானி பிடித்துத் தராது. சீனி கித்துளிலிருந்து வந்தாலும் கரும்பிலிருந்து வந்தாலும் ஒளிக்கு ஏறத்தாழ ஒன்றுதான். எண் நன்றாக இருக்கிறது, அதனால் பாணி சுத்தம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். உண்மையான பாணி இறக்குகிற குடும்பங்கள்தான் இதனால் நட்டப்படுகின்றன, அதைப் பார்க்கிற எனக்கு மிகவும் வருத்தம்.

அட்டன்_பௌதிக_ஆசிரியர்:

தம்பி, நல்ல நேரத்தில் வந்தீர்கள். நீங்கள் சொன்னதை வைத்தே மலரின் மாணவிக்கு ஒரு பரிசோதனை சொல்லலாம்.

சீனிக் கரைசலின் முறிவுச்சுட்டி 50 ப்ரிக்ஸில் 1.420. 60இல் 1.442. 65இல் 1.453. 70இல் 1.465. தேங்காய் எண்ணெய் எங்கே நிற்கிறது? 40 பாகைச் சூட்டில் 1.449 அளவில், ஆற ஆற இன்னும் சற்று ஏறும். அப்படியென்றால் 65 ப்ரிக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பாகு காய்ச்சினால் அதிலும் எண்ணெயிலும் ஒளியின் வேகம் ஒன்றாகிவிடும்.

மகள், 65 கிராம் வெள்ளைச் சீனிக்கு 35 கிராம் தண்ணீர் என்ற கணக்கில் எடுத்துச் சூடாக்கிக் கரையுங்கள். கொதிக்கவிடாதீர்கள், ஆவியாகி அளவு மாறிவிடும். இளஞ்சூட்டுக்கு ஆறியதும் அதே பெட்டியில் ஊற்றி, மேலே உருகிய எண்ணெயை ஊற்றுங்கள். பாகின் அடர்த்தி 1.3க்கு மேல், எண்ணெயின் அடர்த்தி 0.92. எண்ணெய் நன்றாக மிதக்கும். லேசரை அடியுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கதிர் ஏறத்தாழ வளையாமலே போக வேண்டும். இவ்வளவு அடர்த்தி வித்தியாசம் உள்ள இரண்டு திரவங்களில் ஒளிக்கு ஒரே வேகம் என்பதை அந்தப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கட்டும். நான் எழுதிய நீண்ட விளக்கத்தை விட அவளுக்கு அதுவே பெரிது.

நிலா_பேராதனை:

பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். உயர்தர மாணவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். சேர் சொன்ன வேகம் அலை முகட்டின் வேகம். ஒரு சிறு ஒளித்துடிப்பை அனுப்பி அது வந்துசேரும் நேரத்தை அளந்தால் கிடைக்கும் வேகம் அதை விடச் சற்றுக் குறைவாக இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு நிறமும் திரவத்தில் வெவ்வேறு வேகத்தில் போகிறது. தண்ணீரில் வித்தியாசம் சிறிது. காபனிருசல்பைட்டில் பெரிது. 1880களில் மைக்கல்சன் அந்தத் திரவத்தில் வேகத்தை அளந்தபோது, காற்றில் உள்ள வேகம் அதைப் போல் 1.76 மடங்கு என்று வந்தது. முறிவுச்சுட்டியோ 1.64 அளவில்தான். அளவீடு பிழையில்லை, அவர் அளந்தது துடிப்பின் வேகம். முகட்டின் வேகத்திலிருந்து அதை வேறுபடுத்திக் கணக்கிடும் வழியை ரேலி காட்டியிருந்தார்.

மலர்_தலவாக்கலை:

சேர், பாகு காய்ச்சிச் செய்து பார்த்தோம். பெட்டியின் பக்கத்தில் கோட்டுத்தாள் ஒட்டி, பாகில் ஒரு சொட்டுப் பால் கலந்தேன். எண்ணெய்க்கும் பாகுக்கும் இடையில் எந்த வளைவையும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்திலேயே தண்ணீரும் எண்ணெயும் ஊற்றிய பெட்டியை வைத்து ஒப்பிட்டோம், அதில் வளைவு தெளிவாகத் தெரிந்தது. தங்கை ஒருத்தியையும் கூட்டிவந்திருந்த அந்தப் பிள்ளை அவளுக்குத் தானே எல்லாவற்றையும் விளக்கினாள்.

நிலா அக்கா எழுதியதை வாசித்துவிட்டுக் கேட்கிறேன், பச்சை லேசர் என்றாலும் இப்படியே நேராகப் போகுமா?

அட்டன்_பௌதிக_ஆசிரியர்:

மிகவும் சந்தோஷம், மகள். பச்சையிலும் கண்ணுக்கு நேராகவே தெரியும். பச்சை ஒளிக்கு எண்ணெயின் முறிவுச்சுட்டியும் ஏறும், பாகின் முறிவுச்சுட்டியும் ஏறும், ஆனால் இரண்டும் ஒரே அளவில் ஏறுவதில்லை. ஆகவே சிவப்புக்குச் சரியாகப் பொருந்திய பாகு பச்சைக்கு மிகச் சிறிய அளவில் பொருந்தாமல் போகும். அதைப் பெட்டியில் காண முடியாது, கோணத்தை நுட்பமாக அளக்கும் நல்ல திருசியமானி வேண்டும். ஆனால் சூட்டின் விளைவை நீங்களே காணலாம். எண்ணெயை நன்றாகச் சூடாக்கி, ஆறிய பாகின் மேல் ஊற்றுங்கள். எண்ணெயின் முறிவுச்சுட்டி பாகை விட வேகமாக இறங்கும். லேசரை இயன்றவரை சரித்துப் பிடித்தால், எல்லையில் கதிர் செவ்வனை நோக்கி மிக இலேசாகச் சாய்வது கோட்டுத்தாளில் தெரியலாம். சூடான எண்ணெய், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நீங்களே ஊற்றுங்கள்.